யாருடைய அமைதி?

நெடுந்தீவின் கற்கரையில் அமர்ந்திருக்கிறீர்களா? கோப்பாயிலிருந்து பண்ணைப் பாலம் தாண்டிச் சென்று, குறிகட்டுவானில் படகேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். கரையெங்கும் வெண்ணிற முருகைக் கற்கள். அலை பின்வாங்குகையில் அவை ஒன்றோடொன்று உரசும் ஓசை. சந்தி இரைச்சலில் வாழும் நமக்கு அது செபம் போலிருக்கும். "இத்தீவு என்றும் இப்படியே இருக்கட்டும்" என்று அண்மையில் நானும் வாய்விட்டுச் சொன்னேன்.

அருகே மதிற்கல் அடுக்கிக்கொண்டிருந்த தாயார் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "அமைதி நல்லதுதான் சுவாமி. பிள்ளைக்கு வருத்தம் கடுமையெண்டால் பெரியாஸ்பத்திரிக்குக் கடல் கடக்க வேணுமே."

1985 மே 15இல் குமுதினிப் படகில் 20க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டதும் இதே கடலில்தான். சீமெந்தின்றிக் கல் அடுக்கிய மதில்களைச் சற்றுமுன் புகழ்ந்திருந்தேன். அவற்றுட் சில ஆளற்ற வளவுகளைச் சுற்றி நிற்பதை அப்போதுதான் கண்டேன்.

பிறர் இல்லாமையால் கிடைக்கும் அமைதியை அனுபவிப்பது பாவமா? அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை; இயேசுவும் தனிமையான இடம் தேடிச் சென்றவரே. ஆயினும் தீவு மாறாதிருக்க வேண்டுமென விரும்புவோர் நாம். அதன் விலையைக் கொடுப்போர் அவர்கள். நமக்கோ திரும்பிவரப் படகு காத்திருக்கிறது.

கடற்கரையில் விடுதி கட்டுமாறு அத்தாயார் கேட்கவில்லை. காற்றுக் காலத்திலும் நம்பி ஏறக்கூடிய படகொன்று வேண்டும் என்றார்.