தானமா, கடனா?

உத்தரப் பிரதேசக் கிராமம் ஒன்றில் வாழும் 72 வயது மூதாட்டி ஒருவரை மனக்கண்முன் கொண்டு வருவோம். மணமாகி வந்த நாள் முதல் விறகும் வறட்டியும் எரியும் மண்ணடுப்பின் முன் அமர்ந்து குடும்பத்திற்கு உணவு சமைத்தவர் அவர். புகையிலையைத் தொட்டறியாதவர்; ஆயினும் அடுப்புப் புகையால் அவரது நுரையீரல் நலிந்துவிட்டது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றிலும் குணமாவதில்லை. எனினும் இன்ஹேலர் மருந்தை நாள்தோறும் உட்கொண்டால் மூச்சுத்திணறல் தணியும். மருத்துவமனைக்கு விரைய வேண்டிய நெருக்கடிகளும் குறையும். அவரோ, 'எனக்கு எதற்கு மருந்து? அந்தப் பணம் பேத்தியின் படிப்புக்கு ஆகட்டும்' என்கிறார்.

எளியோர் இல்லங்களுக்கு எரிவாயு இணைப்பு வழங்கும் உஜ்வலா திட்டம் 2016-இல் தொடங்கியது. அடுப்பு மாறலாம், ஆனால், சிதைந்த நுரையீரல் மீள்வதில்லை. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம், 2024 அக்டோபர் முதல் 70 வயது நிறைந்த அனைவருக்கும், வருமான வரம்பின்றி, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு உதவுகிறது. ஆனால் அது மருத்துவமனையில் சேர்க்கப்படுவோருக்கானது. ஆண்டு முழுவதும் வீட்டில் எடுத்துக்கொள்ள வேண்டிய மருந்துக்கு மாதந்தோறும் யார் பொறுப்பேற்பது?

இங்கு நாம் இருவகைப் பிழை செய்யக்கூடும். முதலாவது, அந்த மூதாட்டியின் மறுப்பைத் தியாகம் என்று போற்றி ஒதுங்கிவிடுவது. தியாகத்திற்குச் சுதந்திரம் வேண்டும். தான் ஒரு சுமை என்று எண்ணப் பழகிவிட்டவரின் மறுப்பு சுதந்திரமானதன்று. மேலும், அந்த மறுப்பினால் பயனடைபவர்கள் நாமே. அதைப் போற்றும் தகுதி நமக்கு எங்கிருந்து வந்தது?

இரண்டாவது, உதவியைத் தானமாகக் கருதுவது. கைம்மாறு கருதாமல் கொடுப்பதே உயர்ந்த தானம் என்று கீதையின் 17-ஆம் அத்தியாயம் விளக்குகிறது. இங்கோ கைம்மாறு நமக்கு முன்பே கிடைத்துவிட்டது! அவர் தமது மூச்சைச் செலவிட்டுச் சமைத்த உணவில் வளர்ந்தவர்கள் அவருக்கு எதைக் கொடுத்தாலும் அது தானமாகாது. கடனில் ஒரு தவணையே ஆகும். தானம் செய்பவன் ஒருமுறை கொடுத்து நிறைவடையலாம். கடன்பட்டவனுக்கு அந்த உரிமை இல்லை. மூச்சு நாள்தோறும் தேவைப்படுகிறது. ஆகவே, உதவியும் இடையறாது தொடர வேண்டும்.

பேத்தியின் படிப்பும் முக்கியமே. ஆனால், பாட்டியின் மூச்சை விலையாகக் கொடுத்துத்தான் அதைப் பெற வேண்டும் என்னும் நிலையை ஏற்பது அறமாகாது. பிள்ளைகளும் உறவினரும், இயலாதபோது ஊராரும் அந்தச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். மருத்துவரைக் கலந்து, மக்கள் மருந்தகத்தில் குறைந்த விலையில் கிடைப்பவற்றை வாங்கலாம். மருந்து தீருமுன்பே அடுத்ததை அவரது தலைமாட்டில் வைத்துவிடுவோம். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். நமக்கு உணவிட்டபோது, நாம் கேட்கட்டும் என்று அவர் காத்திருந்ததில்லை.