கூலி மட்டும் கடன் அன்று

புனேயில் ஒரு பன்னாட்டுத் தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்து நான்கே மாதமான 26 வயதுப் பட்டயக் கணக்காளர் ஒருவர் 2024 ஜூலையில் இறந்தார். வேலைப்பளுவே மகளின் உயிரைக் குடித்தது என்று தாய் நிறுவனத் தலைவருக்குக் கடிதம் எழுதினார்; நிறுவனம் அதை மறுத்தது. சாவுக்கான காரணத்தில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் அக்கடிதத்தில் இன்னொரு செய்தியும் இருந்தது: இறுதிச் சடங்குக்கு அலுவலகத்திலிருந்து ஒருவர்கூட வரவில்லை. இதை நிறுவனத் தலைவரே பின்னர் ஒப்புக்கொண்டு வருந்தினார். நாட்டின் மனசாட்சியைத் தைத்தது இந்தச் செய்திதான்.

உழைப்பவருக்கு முதலாளி பட்ட கடன் மாதச் சம்பளத்தோடு தீர்ந்துவிடுகிறதா? தீராது. மதிப்பும் அந்தக் கடனில் ஒரு பாதி. அது முதலாளி மனமுவந்து வழங்கும் சலுகை ஆகாது. உழைப்பவர் உரிமையோடு கேட்டுப் பெற வேண்டிய ஒன்று.

நம் முன்னோர் இதில் ஐயம் கொண்டதே இல்லை. அதியமான் நெடுமான் அஞ்சி தன்னை நேரில் காணாமலே பரிசில் அனுப்பியபோது, தான் பொருளுக்காக வந்த வணிகன் அல்லன் என்று பெருஞ்சித்திரனார் மறுத்துவிட்டதைப் புறநானூறு சொல்கிறது. வறுமையில் வாடிய புலவருக்கும் பொருளைவிட முகம் பெரிதாக இருந்தது. அதே நூலில், களைப்பு மிகுதியால், அரச முரசை வைக்கும் கட்டிலில் அறியாமல் உறங்கிவிட்டார் புலவர் மோசிகீரனார். வாளால் தண்டிக்க வேண்டிய குற்றம் அது. சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையோ அவர் விழிக்கும்வரை அருகில் நின்று விசிறினான். பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்குத் தேரையும் தருகிறான். வழியனுப்ப ஏழடி பின்னால் நடந்தும் வருகிறான். கொடை ஒரு பக்கம், மரியாதை ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்ததே பரிசில்.

வள்ளுவர் இன்னும் கறாரானவர். தொழிலில் ஊன்றி நிற்பவனின் உரிமையான நட்பைத் தப்பாக எண்ணும் தலைவனை விட்டுச் செல்வமே விலகிவிடும் என்கிறார். செயல்புரிவோரின் நிலையை மன்னன் நாள்தோறும் ஆராய வேண்டும் என்பதும் அவர் வாக்கே. மனமுவந்து கொடுப்பதைவிட முகமலர்ந்து பேசுவது நல்லது என்று இனியவை கூறலில் வைக்கிறார். உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுங்கள் என்ற நபிமொழியும் உழைத்த உடலின் மாண்பை நினைந்து எழுந்ததே.

அறநூல்கள் சொன்னதை இன்றைய மருத்துவமும் வழிமொழிகிறது. 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு லண்டன் அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தது. மேல்நிலை அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர் இறப்பு விகிதம் சுமார் மூன்று மடங்கு இருந்தது. புகைப்பழக்கம் போன்ற காரணங்களைக் கழித்த பிறகும் வேறுபாடு மறையவில்லை. தன் வேலையின்மீது தனக்குக் கட்டுப்பாடு இல்லாத நிலை இதயத்தைத் தாக்குகிறது என்று மைக்கேல் மார்மட் குழுவின் பிந்தைய ஆய்வு காட்டியது. அறிஞர் யோகன்னஸ் சீக்ரிஸ்ட் 1996இல் வெளியிட்ட கோட்பாட்டில் பணம், வேலைப் பாதுகாப்பு ஆகியவற்றோடு மதிப்பையும் உழைப்பின் பலனாகவே எண்ணினார். கொடுத்த உழைப்புக்கு ஈடாக இவை வராதபோது உடல் நோயுறுகிறது. 2019இல் உலக சுகாதார நிறுவனமும் தீராத பணிச்சோர்வைத் தொழில் சார்ந்த நிகழ்வாக வரையறுத்தது.

மதிப்பு என்பது வெறும் பாராட்டுச் சொல்லும் அன்று. ஜவுளிக்கடைகளில் நாள் முழுதும் நின்றே வேலை பார்த்த பெண்கள், கால் நரம்பு புடைத்து வலித்தாலும் உட்காரக் கூடாது என்றிருந்தது. கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் போராடினார்கள். கேரளம் 2018இலும், தமிழ்நாடு 2021இலும் இருக்கைக்குச் சட்டம் இயற்றின. ஒரு நாற்காலிக்குச் சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது என்பது நம் அனைவருக்கும் தலைகுனிவு. இன்னொரு புறம், சுவரில் படம் மாட்டிச் ‘சிறந்த ஊழியர்’ என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுச் சம்பள உயர்வை நிறுத்துவதும் ஏமாற்றே.

நிறுவனம் நிலைத்தால்தானே வேலை நிலைக்கும், கண்டிப்பில்லாமல் காரியம் நடக்குமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமே. தவறைத் தவறென்று சொல்லும் கடமை மேலாளருக்கு உண்டு. ஆயினும் ஓங்கும்போது கடுமையாக ஓங்கினாலும் அடி மென்மையாக விழட்டும் என்பதே குறள் காட்டும் நெறி. நாலு பேர் முன்னால் ஒருவரைக் கூனிக் குறுக வைப்பதை அந்த நெறி அனுமதிக்கவில்லை.

ஆகவே, ஒரே ஒருவரை வேலை வாங்கும் நிலையில் இருந்தாலும் இதை மறவாதீர்கள். அவரைப் பெயர் சொல்லி அழையுங்கள். அவர் செய்த வேலைக்கான பெயரை அவருக்கே கொடுங்கள். காய்ச்சல் என்று விடுப்புக் கேட்டால் சந்தேகப்படாமல் நலம் விசாரியுங்கள். அவர் வீட்டில் சாவு விழுந்தால் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். மதிப்பைத் தராமல் கூலியை மட்டும் எண்ணிக் கொடுத்தவர், எவ்வளவு கொடுத்திருந்தாலும் கடனாளியே.