கிளிப் பேச்சின் தாத்பரியம்

மறுநாள் விடியற்காலை ரயிலுக்குப் புறப்பட வேண்டியிருந்த ஒரு நாளில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் சாய்வு நாற்காலியில் கிடந்தபடியே என் கைபேசியை நோக்கி, "நாலு மணிக்கு என்னை எழுப்பு" என்றேன். "சரி, நாலு மணிக்கு அலாரம் வைத்துவிட்டேன்" என்று அது வெகு விநயமாக விடையளித்தது. வாக்குத் தவறாமல் அன்று சாயங்காலம் நாலு மணிக்கே, நான் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்த சமயத்தில், என்னை எழுப்பவும் செய்தது. கூடத்தில் கட்டி வைத்திருந்த பெட்டியைப் பார்த்த எவருக்கும் சொல்லாமலே விளங்கியிருக்கும் விஷயம், பெட்டியைக் காணாத அதற்கு விளங்கவில்லை; அவ்வளவுதான்.

இந்த இடரை நம் தேசத்துத் தர்க்க சாஸ்திரிகள் வெகுகாலத்துக்கு முன்பே கண்டு, அதற்கு ஓர் உதாரணமும் வகுத்து வைத்திருக்கிறார்கள். 'சைந்தவம்' என்னும் வடசொல்லுக்கு இந்துப்பு என்றும், சிந்து தேசத்துக் குதிரை என்றும் இரு பொருள் உண்டு. இலைக்கு முன் அமர்ந்திருப்பவர் 'சைந்தவம் கொண்டு வா' என்றால் உப்பையும், யாத்திரைக்குக் கிளம்பி வாசலில் நிற்பவர் அவ்வாறே சொன்னால் குதிரையையும் கொண்டுவர வேண்டும். சொற்கள் ஒன்றையொன்று அவாவி நிற்பதும், பொருளால் பொருந்துவதும், இடைவெளியின்றி அடுத்தடுத்து வருவதும் மட்டும் போதா. சொன்னவர் எதைக் கருதிச் சொன்னார் என்னும் தாத்பரிய ஞானமும் வேண்டும் என்பது அவர்கள் சித்தாந்தம். இலைக்கு முன் குதிரையை நிறுத்தும் வேலைக்காரனுக்குக் காது நன்றாகவே கேட்கிறது, கேளாதது வேறு.

யந்திரத்துக்குக் காது வாய்த்த சரித்திரம் நெடியது. 1962ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் காட்சிக்கு வைத்த கருவி, எண்களும் கணக்குக் கட்டளைகளுமாகப் பதினாறே சொற்களை அறிந்திருந்தது. 2011இல் ஐபோனில் 'சிரி' என்னும் குரல் ஏவலாள் குடியேறியது. 2017இல் கூகுளின் குரல் தேடல் தமிழுக்கும் செவிசாய்த்தது. இவற்றின் பிரயோஜனத்தை ஏளனம் செய்வது எளிது, ஆனால் நியாயமன்று. பார்வையற்ற ஒருவர் பிறர் துணையின்றித் தம் மகளை அழைத்துப் பேசுவதையும், எழுத்தறியாத ஒரு மூதாட்டி வாயால் கேட்டே பழைய பாட்டொன்றை வரவழைத்துக்கொள்வதையும், மாவு பிசையும் கையோடு நிற்பவள் அடுப்புக்குப் பத்து நிமிஷம் கணக்கு வைக்கச் சொல்வதையும் பார்த்தவர்கள் இதை வெறும் விளையாட்டென்று சொல்லமாட்டார்கள். ஏவலாளாக இருக்கும்வரை அது பிழைத்தாலும் நஷ்டம் சொற்பம். ஏவியவனுடைய கருத்து இன்னதென்று ஏவியவனே அறிவானாதலால் பிழையும் உடனே வெளிப்பட்டுவிடுகிறது.

சங்கடம் எழுவது, நாம் ஏவுவதை விட்டு வினவத் தொடங்கும்போது. அப்போது தாத்பரியம் சொல்பவரிடத்தில் இருக்க வேண்டும். இங்கே சொல்பவர் யார்? பாடசாலைகளில் தர்க்க சங்கிரகம் கற்ற மாணாக்கர்கள் அடுத்துக் கையில் எடுக்கும் நியாய சித்தாந்த முக்தாவளியில் விசுவநாத பண்டிதர் இதற்கு நிகரான ஒரு கேள்வியை, கைபேசியைக் கனவிலும் காணாத பதினேழாம் நூற்றாண்டில், கிளியை முன்னிட்டு ஆராய்கிறார். கிளி பேசுகிறது, நமக்கும் பொருள் விளங்குகிறது, ஆனால் கிளிக்கு யாதொரு கருத்தும் இல்லை. அப்படியானால் எவருடைய தாத்பரியத்தைக் கொண்டு அந்த வாக்கியத்தை அறிகிறோம்? ஈசுவரனுடையது என்பது அவர் விடை. உடனேயே, கிளியின் பேச்சு உண்மைக்கு மாறாக இருந்தால் அதைப் பழக்கியவனுடைய தாத்பரியத்தையே கொள்ள வேண்டும் என்றும் அவர் ஒரு வரையறை செய்துவிடுகிறார். மெய்யை ஆண்டவன் கணக்கிலும் பொய்யைப் பழக்கியவன் கணக்கிலும் எழுதும் இந்தப் பங்கீட்டைப் படித்தபோது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. கிளி ஜோசியத்தில் சீட்டை எடுப்பது கிளியானாலும், பலன் பலிக்காதபோது நாம் தேடிப் போவது ஜோசியரையல்லவா?

ஆனால் ஜோசியர் கூண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். இந்த யந்திரக் கிளியைப் பழக்கியவர்கள் ஒருவரல்லர், ஓரூரினருமல்லர். லட்சக்கணக்கானோர் பேசியதையும் எழுதியதையும் கொண்டு அது பயின்றிருக்கிறது. சில மறுமொழிகளைச் சம்பளத்துக்கு அமர்ந்த எழுத்தாளர்கள் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். பிழை திருத்துவதற்கென்று பயனாளரின் ஒலிப்பதிவுகளைக் கூலிக்கு அமர்த்தப்பட்ட மனிதர்கள் கேட்டு வந்தது 2019இல் வெளிப்பட்டுப் பெரிய விவாதமும் ஆயிற்று. இத்தனை பேரில் எவர் சொல்லென்று இதை நம்புவது? நம்பத்தக்கவனாகிய ஆப்தன் எனப்படுபவன் பொருளை நேரே கண்டறிந்து, கண்டவாறே பிறருக்கு உரைக்க விழைபவன் என்றார் நியாய சூத்திரத்துக்கு உரை செய்த வாத்ஸ்யாயனர். அந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது என்றும் தாராளமாகச் சொன்னார். குலமோ தேசமோ அவருக்குத் தடையில்லை. இரும்பும் கண்ணாடியும் தடையென்று நானும் சொல்லத் துணியேன். ஆயினும், காண்பதும் இன்றி, உரைக்கும் விருப்பமும் இன்றி, உரை மாத்திரம் எஞ்சி நிற்கும் ஒன்றை அந்த இலக்கணத்துக்குள் எப்படி அடக்குவது என்பது எனக்குப் புலப்படவில்லை.

சில நாட்களுக்கு முன் எதிர்வீட்டுப் பையன் என் கைபேசியை வாங்கி, "சாமி இருக்கா?" என்று கேட்டான். இது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்த விஷயம் என்ற கருத்தில், எவர் மனமும் நோகாதபடி அது ஏதோ சொல்லிற்று. அந்த மழுப்பலில் எந்த நாட்டு, எந்த அலுவலகத்து, எந்த அதிகாரியின் எச்சரிக்கை ஒளிந்திருக்கிறதோ என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், பையன் அடுத்தபடியாகக் கிரிக்கெட்டில் எத்தனை ஓட்டம் என்று கேட்டான். அதற்கு மாத்திரம் தயக்கமின்றிப் பதில் வந்தது.