ஆற்றோரமா, மேட்டிலா?

பள்ளி விடுமுறை வந்தால் எங்கள் கிள்ளான் கோயிலின் சமய வகுப்புப் பிள்ளைகளை ஓர் இரவாவது வெளியே தங்க அழைத்துப் போவது வழக்கம். இடம் பார்ப்பது என் பொறுப்பு. பெரும்பாலும் செமினி பக்கம்தான் போவோம். நான் பிறந்தது அங்கே ஒரு தோட்டத்து லயத்தில். ஆறும் மலையும் பழக்கம். செமினி அணையைத் தாண்டி உலு லங்காட் போகும் பாதையில் சுங்கை தெக்காலா வனப்பூங்கா இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் பழத்தோட்டங்களுக்குள் தனியார் முகாம்களும் பெருகிவிட்டன. கூடாரத்துக்கு ஒரு கட்டணம், கேம்பர் வேனுக்கு ஒரு கட்டணம், ஆற்றோரம் என்றால் இன்னும் கொஞ்சம் கூட.

கடைசியாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "எங்க போனாலும் இறங்கினதும் சாமி கும்பிடச் சொல்றீங்க. சாமி காவல் காப்பாருன்னா, அப்புறம் ஏன் டீச்சர் ஆத்தையும் மரத்தையும் அவ்வளவு நேரம் பார்க்கிறீங்க?"

குறும்புக்குக் கேட்கவில்லை, நம்பிக்கையோடு கேட்டாள். அதனால்தான் உடனே பதில் வரவில்லை.

என் அப்பா பால்மரம் வெட்டியவர். தோட்டத்துத் திருவிழா முடிந்த பிறகு லயத்துக் குடும்பங்கள் சேர்ந்து லோரியில் ஆற்றுக்குப் போவோம். சட்டி பானையை இறக்க விடமாட்டார். முதலில் தனியாக ஒரு சுற்று நடப்பார். தலைக்கு மேலே பட்டுப்போன கிளை இருக்கிறதா, டுரியான் மரமா, காய் முற்றியிருக்கிறதா, மூங்கில் புதர் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்ப்பார். கரையோரச் செடிகளிடம்தான் ரொம்ப நேரம் நிற்பார். வெள்ளம் வந்து வடிந்த இடத்தில் காய்ந்த இலையும் புல்லும் சுள்ளியும் செடிகளின் கிளைகளில் ஒரே உயரத்தில் சிக்கிக் கிடக்கும். தண்ணீர் ஓடிய திசைக்கு எல்லாம் சீவிவிட்டதுபோல் சாய்ந்திருக்கும். அந்தக் குப்பை தன் முழங்காலுக்கு மேல் இருந்தால் போதும், "இது தண்ணியோட எடம்" என்று சொல்லிவிட்டு மேட்டுக்கு நடந்துவிடுவார். அங்கே ஒரு கல்லில் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் ஏற்றி, "ஐயா, புள்ளகுட்டியோட வந்திருக்கோம், ஒரு பொழுது இருந்துட்டுப் போறோம்" என்பார்.

இப்படிக் கேட்பது நம்மவர் வழக்கம் மட்டுமல்ல. காட்டுக்குள் நுழையும் பழைய மலாய்க்காரர்கள், "தாத்தா, பேரன் இந்த வழியா போய்க்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். சீனர்கள் மரத்தடியில் சிவப்புக் கூடு கட்டி டத்தோ கோங் என்ற காவல் தெய்வத்துக்கு ஊதுபத்தி கொளுத்துகிறார்கள். எல்லோருக்கும் முன்னாலிருந்தே உலு லங்காட் காடுகளில் வாழும் தெமுவான் மக்களுக்குக் காடு என்றைக்குமே வெறும் காடாக இருந்ததில்லை.

அப்பா சுற்றி நடந்ததையும் கற்பூரம் ஏற்றியதையும் நான் தனித்தனியாகப் பிரிப்பதில்லை. இடம் தன்னுடையதல்ல என்று மனதார நம்புகிறவன்தான் அதை அத்தனை கவனமாகப் பார்ப்பான். பணம் கட்டியாகிவிட்டது, இனி இது என் இடம் என்று வந்து இறங்குகிறவனுக்குச் செடியில் சிக்கிய குப்பை வெறும் குப்பைதான்.

இதே எண்ணத்தை நான் எதிர்பாராத ஓரிடத்திலும் கண்டேன். பிரிக்பீல்ட்ஸ் மகா விகாரை நம்மில் பலருக்குத் தெரியும். 1894-இல் சிங்கள பௌத்தர்கள் அமைத்த சங்கத்தின் விகாரை அது. அந்தத் தேரவாத மரபின் பிக்குகளுக்கு ஒரு விதி உண்டு. தனக்கென்று குடில் கட்டிக்கொள்ளும் பிக்கு, புத்தரின் சாண் கணக்கில் நீளம் 12, அகலம் 7-க்கு மேல் கட்டக்கூடாது. கட்டுமுன் மற்ற பிக்குகளை அழைத்துப்போய் இடத்தைக் காட்ட வேண்டும். அவர்கள் இரண்டு விஷயங்களைப் பார்ப்பார்கள். அந்த இடம் வேறு உயிர்களுக்கு வீடாக இருக்கக்கூடாது: எறும்பு, கறையான், எலி, பாம்பு, தேள், பூரான் தொடங்கி யானை, புலி வரை விளக்கம் வரிசையாகச் சொல்கிறது. அடுத்தது, மாடு பூட்டிய வண்டி ஒன்று குடிலைச் சுற்றிவர இடம் இருக்க வேண்டும். அடுத்த விதி பெரிய விகாரை கட்டுவது பற்றியது. சன்னன் என்ற பிக்கு இடத்தைத் துப்புரவு செய்வதாக, ஊரார் கும்பிட்டுவந்த மரத்தை வெட்டவைத்தான், ஊர் கொதித்தது, அதன் பிறகு பிறந்தது அந்த விதி.

நிர்வாணம் தேடி வீட்டை விட்டவர்களுக்கு எறும்புப் புற்றைப் பார், வண்டி திரும்புமா பார் என்று சொல்கிற சமயத்தை நான் மதிக்கிறேன். தம்பி ஒரு பழைய வேனைக் கேம்பர் வேனாக மாற்றி ஓட்டுகிறான். அவனிடம் இதைச் சொன்னபோது, "நான் கேக்கறதும் அதானக்கா" என்றான். வேனைத் திருப்ப இடம் உண்டா, மழை பெய்தால் செம்மண்ணில் டயர் இறங்குமா, வெளியே போக ஒரே வழிதானா, அந்த வழியில் பாலம் இருக்கிறதா. இருட்டுவதற்குள் வண்டியின் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பி நிறுத்திவிடுவான்.

இவ்வளவையும் பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி சொன்னேன். காவல் தெய்வம் விடிய விடிய விழித்திருக்கும் என்று கும்பிடுகிறோம். நாம் கண்ணை மூடிக்கொண்டு அவரை மட்டும் விழித்திருக்கச் சொல்லலாமா என்றேன். வகுப்பு தலையாட்டியது. அந்தப் பெண் மட்டும் விடவில்லை. "அப்ப பத்தாங் காலியில செத்தவங்க யாரும் கும்பிடலையா?"

2022 டிசம்பர் 16. விடிவதற்குப் பல மணி நேரம் முன்பு, கெந்திங் மலைக்குப் போகும் வழியில் பத்தாங் காலியில் சரிவு இடிந்து, முகாமில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் இறங்கியது. அங்கே இருந்தவர்களில் 61 பேர் உயிரோடு வந்தார்கள். 31 பேர் இறந்தார்கள். கடைசி உடலை மீட்க 24-ஆம் தேதி ஆகிவிட்டது. பள்ளி விடுமுறைக்காலம், குழந்தைகளும் போனார்கள். அந்த நிலத்தில் விவசாயத்துக்குத்தான் அனுமதி இருந்தது, முகாம் நடத்த உரிமம் இல்லை என்று அமைச்சர் பிறகு அறிவித்தார். ஆற்றோரத்திலும் மலைச்சரிவிலும் இருந்த மற்ற முகாம்களை ஒரு வாரம் மூடச் சொன்னார்கள்.

அந்த நாட்களில் எங்கு போனாலும் ஒரு பேச்சு கேட்டது: "அவங்க விதி, வேற என்ன சொல்றது?" எனக்கு நெஞ்சு கொதித்தது. கும்பிட்டுத்தான் தூங்கியிருப்பார்கள், அவரவர் சாமியை. மரம் அடர்ந்த சரிவு உள்ளுக்குள் நனைந்து கனத்திருப்பதைக் கூடாரம் அடிக்க வந்த எந்தக் குடும்பமும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. என் அப்பாவாலும் முடியாது. ஒருவன் கண்ணுக்கு எட்டாததைப் பார்ப்பதற்கென்றுதான் நில ஆய்வும் உரிமமும் இருக்கின்றன. பிக்கு தனியாக முடிவெடுக்காமல் சங்கத்தை அழைத்துப்போய் இடத்தைக் காட்ட வேண்டும் என்ற விதியின் அருமை எனக்கு அங்கேதான் உறைக்கிறது. பார்க்கவேண்டிய எல்லோரும் பார்த்து முடித்த பிறகும் மிஞ்சி நிற்பது எதுவோ, அதற்கு விதி என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். பார்க்காமல் விட்டதற்கு அந்தப் பெயரைக் கொடுத்தால் இறந்தவர்களுக்கு இரண்டாவது அநியாயம் செய்கிறோம். வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் எழுதினார். ஆள்வினையுடைமைக்கும் ஒன்று எழுதினார். துக்க வீட்டில் நாம் முதலாவதை மட்டும் எடுத்துப் பேசுகிறோம்.

அந்தப் பெண்ணிடம், "கும்பிட்டாங்கம்மா. அவங்களுக்காகப் பார்க்கவேண்டியவங்க பார்க்கல" என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கடவுள் ஏன் விட்டார் என்று கேட்டிருந்தால் என்னிடம் பதில் கிடையாது.

எங்கள் முகாமுக்கு ஒரு பழத்தோட்டத்தைப் பார்க்கப் போனபோது, முதலாளி ஆற்றை ஒட்டிப் பலகை போட்ட இடத்தைப் பெருமையோடு காட்டினார். தண்ணீர் கண்ணாடியாக ஓடியது. மேலே மலையில் மழை கொட்டினால், இங்கே வெயில் அடிக்கும்போதே கெபாலா ஆயர் என்ற திடீர் வெள்ளம் வந்துவிடும். தண்ணீர் திடீரென்று கலங்கும், இலையும் சுள்ளியும் மிதந்து வரும், ஆற்றின் சத்தம் மாறும். அதற்குப் பிறகு பிள்ளைகளைக் கரையேற்ற அவகாசம் இருக்காது. ராத்திரி தூக்கத்தில் யார் கலங்கலைப் பார்ப்பது? மேட்டில் ரம்புத்தான் மரங்களுக்கு அப்பால் ஒரு வெட்டவெளியைக் கேட்டு வாங்கினேன். கழிப்பறை தூரம், ஆறு கண்ணுக்கே தெரியாது. பிள்ளைகளின் முகம் வாடியது.

பிள்ளைகளை முகாமுக்கு அனுப்பும் கோயில் நிர்வாகங்களையும் பெற்றோரையும் நான் கேட்டுக்கொள்வது இது. முன்பணம் கட்டுமுன் பெரியவர்கள் இரண்டு பேர் நேரில் போய்ப் பாருங்கள், அதுவும் ஏப்ரலிலோ அக்டோபரிலோ சாயங்கால இடிமழை கொட்டி முடித்த ஒரு நாளில். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வண்டியைத் திருப்புங்கள். சரிவுக்கு அடியிலா, ஆற்றுக்குப் பக்கத்திலா என்று நீங்களே நடந்து பாருங்கள். மேட்டு இடத்துக்குக் கூடுதலாகக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். பற்றாக்குறைக்கு அன்னதானப் பணத்தில் கொஞ்சம் எடுத்தால்கூட நான் குறை சொல்லமாட்டேன்.