படைவீரரைப் போற்றுதலும் சிறார் கல்வியும்

நாடு காத்தற்பொருட்டுத் தம் இன்னுயிரையும் பேணாது போர்முனையில் நின்றாரை மதித்தல் நன்றியறிதலின்பாற்படும். அவ்வறம் இளமையிலேயே ஊன்றற்குரியது என்பது யாவர்க்கும் உடன்பாடு. ஆயினும், கொல்லாமையைத் தலையாய அறமெனக் கொண்ட நாம், போர்த்தொழில் பூண்டாரைப் போற்றுமாறு சிறார்க்குக் கற்பித்தல் யாங்ஙனம் பொருந்தும்? அது கொலையைப் புகழ்தலாகாதோ என ஐயுறுவாரும் உளர். இவ்வையம் புறக்கணிக்கத்தக்கதன்று, ஆராய்ந்து தெளியற்பாலது.

வீரன்மாட்டுப் போற்றற்குரியது அவன் பிறரைக் கொன்றமையன்று. தன்னுயிரைப் பிறர்பொருட்டு ஈயத் துணிந்தமையேயாம். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டிற் கண்டறியப்பெற்ற தொன்மையான நடுகற்களுள் ஒன்று, ஆகோட் பூசலிற் பட்டான் ஒருவன் பெயரையும், கூடலூர் என்னும் ஊர்ப்பெயரையும் உரைக்கின்றது. அவன் கொன்றார் தொகை அதன்கண் இல்லை.

சிறுத்தொண்டநாயனார் வரலாறு இதனை மேலும் விளக்கும். பரஞ்சோதியார் என்னும் பெயரோடு படைத்தலைவராய் விளங்கிய அவர், வாதாபியை வென்று பெரும்பொருள் கொணர்ந்தார். அவ்வெற்றி கி.பி. 642ஆம் ஆண்டினது என்பர் வரலாற்றாசிரியர். அவர் சிவத்தொண்டர் என அமைச்சர் வாயிலாக அறிந்த அரசன், அத்தகையாரைக் கொடும்போரிற் செலுத்தினேனே என அஞ்சி நடுங்கினான், பொறுத்தருளுமாறு வேண்டினான், நிதி பல அளித்து அவர் விரும்பிய திருத்தொண்டிற்கு விடுத்தான். இதன்கண் மூன்று உண்மைகள் காண்க. வெற்றிப்பொருளினும் வீரனையே பெரிதாக மதித்தல் ஒன்று. அவனை இடருட் செலுத்தியது தாமே என உணர்தல் ஒன்று. அவனது பின்னாள் வாழ்விற்கு ஆவன செய்தல் ஒன்று. சிறார்க்குக் கற்பிக்கத்தக்கவை இவையே.

இவற்றோடு நான்காவதும் ஒன்றுண்டு. அது பகைவன்மேற் காழ்ப்பின்மை. தம்மைக் கொல்லவந்த அதிசூரன் நெற்றியில் திருநீறு கண்ட ஏனாதிநாதர், அவனை வெட்டாது விடுத்தார். படையில்லாரைக் கொன்றான் என்னும் பழி அவனைச் சாராமைப்பொருட்டு, வாளும் பலகையும் நீக்காது எதிர்ப்பார்போல நின்றார். வாட்பயிற்சி அளிக்கும் ஆசிரியராகிய அவர்தம் வீரம் அத்தகைத்து.

இந்தியாவில் 1949ஆம் ஆண்டு தொடங்கி டிசம்பர் 7ஆம் நாள் படைவீரர் கொடிநாளாகக் கொள்ளப்படுகின்றது. அந்நாளிற் சிறுவன் ஒருவன் உண்டியலில் இடும் காசு, முன்னாட் படைவீரர்க்கும், உயிர்நீத்த வீரர்தம் குடும்பத்தார்க்கும் உதவுவது. இப்பொருளை விளக்காது கொடியை மட்டும் சட்டையிற் குத்திவிடுதல் கல்வியாகாது. குருதி சிந்திய கதைகளும் இளஞ்சிறார்க்கு வேண்டா. தெருவில் வாழும் முதிய வீரர் ஒருவரைக் காட்டி, “இவர் வெயிலிலும் பனியிலும் நமக்காகக் காவல் நின்றார்” என்று சொல்லுதல் அமையும். “எத்துணைப்பேரைக் கொன்றீர்?” என்று அவரை வினவுதல் தகாதென்றும், அவர்க்கு வேண்டும் சிறுபணி செய்தல் தகுமென்றும் பெற்றோர் தாமே செய்துகாட்டி உணர்த்துக. சொல்லினும் செயலே குழவியுள்ளத்திற் பதிவது.

தாம் நஞ்சுண்டு வானவரைக் காத்த பெருமானை வழிபடும் நமக்கு, பிறர்க்கு வரும் இடரைத் தன்மேல் ஏற்றலே வீரம் என்பது புதியதன்று. அவ்வீரத்தைப் போற்றக் கற்ற சிறுவன் கொலையை விரும்பான். தனக்காக ஒருவன் இடருறாத உலகையே விரும்புவான்.