நிறைய வாங்கிக் குறையக் கொடுப்போர்



வணிகம் நம் முன்னோர் கைக்கொண்ட தொழில். அளவையும் நிறுவையும் பற்றி நமக்கு எவரும் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை. தமக்கு வரவேண்டியதை நிறைய அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்து அளப்போரை எச்சரித்தே திருமறையின் ‘முதஃப்பிஃபீன்’ என்னும் அத்தியாயம் தொடங்குகிறது. கடைத் தராசின் முன் இவ்வெச்சரிக்கைக்கு அஞ்சும் நாம், அல்லாஹுத் தஆலா அமானிதமாகத் தந்துள்ள இப்பூமியோடு நடத்தும் கொடுக்கல் வாங்கலில் அதை நினைக்கிறோமா? இதுவே நாம் ஆராயப் புகும் கேள்வி.

இந்தக் கணக்கை அளக்க அறிஞர் ஒரு முறை கண்டிருக்கிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரீஸ், மதிஸ் வாக்கர்நாகல் ஆகிய இருவரும் 1990களில் வகுத்தது அது. ‘சூழலியல் அடிச்சுவடு’ என்பது அதன் பெயர். நாம் உண்ணும் உணவையும், உடுக்கும் பஞ்சையும், வெட்டும் மரத்தையும் விளைவிக்கவும், எரிக்கும் எண்ணெயின் கரியமில வாயுவை உறிஞ்சவும் எவ்வளவு நிலமும் கடலும் வேண்டும் என்பது கணக்கின் ஒரு பக்கம். உலகில் உள்ளபடி எவ்வளவு இருக்கிறது என்பது மறுபக்கம். 1970களின் தொடக்கத்திலிருந்து செலவுப் பக்கமே கனத்து வருகிறது. ஓராண்டு முழுமைக்கும் பூமி தரக்கூடியதை 2025இல் மனித குலம் ஜூலை 24ஆம் நாளுக்குள் செலவழித்துவிட்டதாகக் கணித்தனர்.

இல்லாததை எப்படிச் செலவழிக்க முடியும் என்று சிலர் கேட்கலாம். விதைநெல்லைக் குத்தித் தின்பவனுக்கும் அந்த வருஷம் வயிறு நிறையத்தான் செய்யும். காடு வளர்வதைவிட வேகமாக வெட்டுகிறோம். மீன் பெருகுவதைவிட வேகமாகப் பிடிக்கிறோம். குறைந்த அளவு யார் பங்கில் விழும்? கடைக்கு வந்த வாடிக்கைக்காரன் குறை நிறுவையைக் கண்டால் சண்டையாவது பிடிப்பான். இன்னும் பிறவாத பேரப்பிள்ளைக்கு வாய் ஏது?

இக்கணக்கு நன்னீரை நேராக அளப்பதில்லை. ஆயினும் எல்லை என்றால் என்னவென்று மலாக்கா மாநிலத்தாருக்குத் தண்ணீரே கற்பித்திருக்கிறது. 1991இல் டுரியான் துங்கல் அணை வற்றிப் பல மாதங்கள் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. அதன்பின் நம் செலண்டார் அமைந்துள்ள ஜாசின் மாவட்டத்தில் ஜுஸ் அணை எழுந்தது. ஜொகூரின் மூவார் ஆற்று நீரும் நமக்கு வருகிறது. இவ்வளவும் இருந்தும் 2020 ஜனவரியில் மீண்டும் பங்கீடு வந்தது. அணை கட்டினால் பாத்திரம் பெரிதாகும், மழை பெரிதாகாது.

“பால் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் வயிறு வளர்ப்பவனிடம் போய்ச் சிக்கனம் பேசுவதா?” என்று ஒருவர் கேட்டால், அக்கேள்வி நியாயமானதே. அடிச்சுவட்டுக் கணக்கும் அவர் பக்கமே நிற்கிறது. செலண்டாரைச் சுற்றி விளையும் செம்பனையின் எண்ணெய் கடல் கடந்து சென்றால், அதன் சுவடு அதை நுகரும் நாட்டின் பேரிலேயே எழுதப்படும். உழைத்தவன் பேரில் அன்று, அனுபவித்தவன் பேரில். அதே நீதியை நாட்டுக்குள்ளும் வைத்துப் பார்த்தால், விரல் ஏழையின் பக்கம் திரும்பாது. வசதியுள்ள நம் பக்கமே திரும்பும். நிக்காஹ் விருந்தில் அண்டா அண்டாவாக மிஞ்சிக் குப்பைக்குப் போகும் பிரியாணி யார் பேரில் எழுதப்படும்?

“எங்கள் பணம், விலை கொடுத்துத்தானே வாங்கினோம்” என்பது அடுத்த வாதம். விலை விற்றவனுக்குப் போய்ச் சேர்ந்தது. வற்றிய ஊற்றுக்கும், வரப்போகும் தலைமுறைக்கும் நாம் கொடுத்த விலை என்ன? பணம் உரிமையைத் தரலாம். விரயத்துக்கு அனுமதி தராது.

நம் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்’ நீரில் ஒளுச் செய்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. இரு கைகளையும் சேர்த்து அள்ளினால் கொள்ளும் அளவே அது. ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் விரயம் கூடாது என்னும் அறிவிப்பொன்று இப்னு மாஜாவில் உண்டு. அதன் அறிவிப்பாளர் வரிசையைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருப்பினும், அதன் கருத்து மார்க்கத்தின் பொதுப் போதனைக்கு இசைந்ததே. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆறு நிறைய ஓடும்போதும் அளவு உண்டு. அணை வற்றியபின் அடக்கிக் கொள்வது வேறு வழியில்லாமை. அணை நிறைந்திருக்கும்போதே அடக்கிக் கொள்வதே இபாதத்தைச் சேர்ந்தது.

ஆகவே, சகோதரர்களே! பள்ளிவாசலில் குழாயைப் பாதி திறந்து ஒளுச் செய்வோம். விருந்துக்கு வருவோரைக் கணக்கிட்டு உலை வைப்போம். மிஞ்சியதை அன்றே பசித்தவர் வீட்டுக்கு அனுப்புவோம். உலகக் கணக்கு இதனால் மட்டும் நேராகிவிடாது. ஆனால் மறுமையில் நம்மிடம் கேட்கப்படும் கணக்கு உலகத்தாருடையதன்று, நம்முடையது.