அப்பா என்று கேட்டால் கிடைத்துவிடுமா?

தமிழ்நாட்டுப் பெந்தெகொஸ்தே சபை ஒன்றின் ஜெபத்தைக் கொஞ்ச நேரம் கேட்டாலே போதும், 'அப்பா' என்ற விளி திரும்பத் திரும்பக் காதில் விழும். நன்றி சொல்லவும் அப்பா, கெஞ்சவும் அப்பா, அடுத்த வார்த்தை வராமல் தடுமாறும்போதும் அப்பா. அந்த உரிமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன்மேல் சில மேடைகளில் எழுப்பப்படும் கணக்குதான் உறுத்துகிறது. தேவன் தகப்பன், தகப்பன் பிள்ளை கேட்டதைக் கொடுப்பான், ஆகவே விசா வரும், கட்டி கரையும், வீடு அமையும். வராவிட்டால் உன் விசுவாசத்தில்தான் கோளாறு. சுவிசேஷங்களை வாசித்தால் தகப்பன் என்ற உறவு இந்தக் கணக்கைக் கலைப்பதாகவே எனக்குப் படுகிறது. கேட்டது கிடைக்காமல் போனாலும் அறுந்துபோகாத உறவு என்பதால்தான் ஜெபம் அதை நாடுகிறது.

முதல் சாட்சி, இயேசு பிடிபடுவதற்கு முன் ஜெபித்த கெத்செமனே. மாற்கு 14ஆம் அதிகாரத்தில் இயேசு பேதுருவையும் யாக்கோபையும் யோவானையும் கூட்டிக்கொண்டு போகிறார், சற்றுத் தள்ளித் தரையில் விழுகிறார், பிதாவை 'அப்பா' என்றே அழைத்து, இந்தப் பாத்திரத்தை எடுத்துவிடும் என்கிறார். திரும்பி வந்தால் சீஷர்கள் தூங்குகிறார்கள். மறுபடி போகிறார், மறுபடி வருகிறார். இதே மாற்குவில் ஞானஸ்நானத்தின்போதும் மலைமேல் மறுரூபமானபோதும், என் நேச குமாரன் என்று மேலிருந்து குரல் கேட்டிருந்தது. இங்கே எந்தக் குரலும் இல்லை. கேட்டது மறுக்கப்பட்டது. மகன்மேல் அன்பு இல்லாததால் மறுக்கப்பட்டது என்று எந்தக் கிறிஸ்தவரும் சொல்லமாட்டார். மகனுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லவும் யாருக்கும் வாய் வராது. அப்படியானால் வேலை கிடைக்காத ஒருவரிடம் மட்டும் அதை எப்படிச் சொல்கிறோம்?

மீன் கேட்கிற பிள்ளைக்கு எந்தத் தகப்பனாவது பாம்பைக் கொடுப்பானா என்று இயேசுவே கேட்கவில்லையா என்பார்கள். கேட்டார். ஆனால் லூக்கா 11இல் அதற்குச் சற்று முன்னால் வருவது நடுராத்திரியில் கதவைத் தட்டி மூன்று அப்பம் கடன் கேட்பவனின் கதை. வீட்டுக்காரன் எழுந்துவரமாட்டேன் என்கிறான். கதவைப் பூட்டியாகிவிட்டது, பிள்ளைகள் படுத்தாயிற்று. வந்தவன் வெட்கத்தை விட்டுத் தட்டிக்கொண்டே இருக்கிறான். தகப்பனைப் பற்றிய பேச்சு இந்தப் பிடிவாதத்துக்குப் பிறகுதான் வருகிறது. அங்கே முடிவில் வாக்களிக்கப்படுவதும் கேட்ட பொருள் அல்ல, பரிசுத்த ஆவி. அதே வாக்கை எழுதும்போது மத்தேயு நன்மையானவை என்று பொதுவாகச் சொல்கிறார். எது நன்மை என்று தீர்மானிக்கும் உரிமையைக் கேட்பவர் கையில் அவரும் கொடுத்துவிடவில்லை.

இன்னொரு பக்கம் உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்ட் நிற்கிறார். உதவியற்ற குழந்தையின் ஏக்கம்தான் வானத்தில் ஒரு தகப்பனை உட்காரவைத்தது என்று 1927இல் வெளிவந்த 'ஒரு மாயையின் எதிர்காலம்' நூலில் வாதிட்டார். மேலே சொன்ன விசாக் கணக்கை எடுத்துக்கொண்டால் அவர் சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் ஏக்கம் மட்டுமே உருவாக்கிய தகப்பன், கெத்செமனேயில் மகனைக் கைவிட்டதுபோல் மௌனமாக இருக்கமாட்டான். குழந்தை தகப்பனுக்கு அஞ்சவும் செய்கிறதே என்று ஃப்ராய்ட் பதில் சொல்லலாம். அணைத்தாலும் தள்ளினாலும் ஒரேபோலப் பொருந்துகிற விளக்கம் அதனாலேயே வலுவிழக்கிறது. போகட்டும், மாயை என்பது பொய்யாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை என்று அதே நூலில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இவற்றைவிடக் கடினமான கேள்வி, தகப்பன் என்றாலே குடியும் அடியும் நினைவுக்கு வருகிறவர்களுடையது. ஏசாயா 66 தேவனைத் தேற்றும் தாயாகக் காட்டுகிறது. 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நார்விச் ஜூலியன் கிறிஸ்துவைத் தாய் என்றே எழுதினார். தேவன் தகப்பன், அதைவிடவும் தாய் என்று 1978இல் போப் முதலாம் ஜான் பால் பேசினார். பூமிக்குரிய தகப்பன்மாரைப் பொல்லாதவர்கள் என்று ஒத்துக்கொண்டுதான் இயேசுவும் மீன் உவமையை முடிக்கிறார். ஆனாலும் இவ்வளவும் எடுத்துச்சொன்ன பிறகும் சிலருக்கு அந்தச் சொல் வாயில் வராது. அவர்களை அழைத்து 'அப்பா என்று சொல்' என்று வற்புறுத்துவது போதகரின் வேலையல்ல. சங்கீதங்களில் தேவன் கன்மலை, மேய்ப்பன், நியாயாதிபதி. 88ஆம் சங்கீதத்தில் தகப்பன் என்ற அழைப்பே இல்லை, ஆறுதலும் இல்லை, புகார்தான் கடைசிவரை. கத்தோலிக்கர்களின் வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் அது இன்றைக்கும் சொல்லப்படுகிறது.